ரென்ட்-சீக்கிங்: ‘வாடகை தேடல்’ அன்று, ‘சலுகை வேட்டை’

அரசியல் பொருளாதாரக் கட்டுரைகளைத் தமிழில் தருவோர் ‘ரென்ட்-சீக்கிங்’ (rent-seeking) என்னும் ஆங்கிலத் தொடரை ‘வாடகை தேடல்’ என்று எழுதிவிடுவது உண்டு. அதைப் படிப்பவர் மனத்தில் குடிபுக வீடு தேடி அலையும் ஒருவரின் உருவமே எழும். உரிமம், ஏகபோகம், இறக்குமதி ஒதுக்கீடு, சுங்கப் பாதுகாப்பு என அதிகாரத்தில் இருப்போர் வழங்கக்கூடிய ஒன்றைத் தமதாக்கிக்கொள்வதற்காக, புதிதாக எதையும் விளைவிக்காமலே பலரும் பணத்தையும் உழைப்பையும் கொட்டுவதுதான் அத்தொடரின் பொருள்.

‘ரென்ட்’ என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேர் ‘திருப்பிக் கொடுத்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை. நிலம் உடையவனுக்குத் திரும்பி வரும் வருவாய் அப்பெயர் பெற்றது. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் அதை நிலத்தின் அழியாத இயல்பான ஆற்றலுக்குத் தரப்படும் பங்கு என்று வரையறுத்தார். பின்வந்தோர், எந்த ஒரு வளமும் தான் இருக்கும் தொழிலிலேயே நீடிப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஈட்டும் மிகைவருவாய் அனைத்தையும் அச்சொல்லால் குறித்தனர். தமிழ்ப் பாடநூல்கள் இதற்கு ‘வாரம்’ என்னும் சொல்லை ஆள்கின்றன. அது நல்ல தேர்வு. நிலவுடைமையாளருக்கு மேல்வாரம், உழுபவருக்குக் குடிவாரம் என்று விளைச்சலைப் பங்கிட்ட வழக்கிலிருந்து வந்த சொல் என்பதால், வீட்டு வாடகையோடு குழம்பாமல் நிலத்தோடும் பங்கோடும் அது ஒட்டி நிற்கிறது. ஆனால் வாரத்தில் முதலில் விளைச்சல் இருக்கிறது, பிறகுதான் பங்கு வருகிறது. நாம் பேசும் தொடரிலோ விளைச்சல் என்பதே இல்லை.

இக்கருத்தை முதலில் தெளிவாக எழுதியவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கார்டன் டல்லக். ஏகபோகத்தால் சமூகத்துக்கு நேரும் இழப்பு, அதைப் பெறுவதற்கும் தடுப்பதற்கும் செலவழியும் வளங்களையும் சேர்த்தது என்று 1967-இல் அவர் வாதிட்டார். ஆயினும் அவர் இப்பெயரைச் சூட்டவில்லை. 1974-இல் ஒரு கட்டுரையில் பெயரிட்டவர் மற்றோர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆன் குரூகர். அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட நாடுகள் இந்தியாவும் துருக்கியும். இந்தியாவில் 1964-இல் அரசின் கட்டுப்பாடுகளால் விளைந்த மிகைவருவாய்களின் மதிப்பு தேசிய வருமானத்தில் 7.3 விழுக்காடு என்று அவர் கணக்கிட்டார். இறக்குமதி உரிமம் ஆலையின் உற்பத்தித் திறனுக்கேற்ப வழங்கப்பட்டால் என்ன நடக்கும் என்றும் அவர் காட்டினார்: இருக்கும் இயந்திரங்களே முழுமையாக ஓடாதபோதும், கூடுதல் உரிமத்துக்காக முதலாளி மேலும் இயந்திரங்களை நிறுவுவார். இங்கே இலஞ்சம் கைமாறவில்லை, சட்டம் மீறப்படவில்லை. ஆனாலும் இரும்பும் உழைப்பும் வீணாயின. ஆகவே இத்தொடரை ‘ஊழல்’ என்று பெயர்ப்பதும் பிழையாகும்.

வீணாகும் அளவை எண்ணிப் பார்க்க உதவுவது, ஒரு பரிசுக்காகப் பலர் செலவிட்டு மோதுவதை ஆராயும் போட்டிக் கோட்பாடு. ஓர் உரிமத்தின் மதிப்பு 100 என்றும், அதை இருவர் நாடுகின்றனர் என்றும், அவரவர் செலவின் விகிதமே வெல்லும் வாய்ப்பு என்றும், தோற்றவர் செலவும் திரும்ப வராது என்றும் கொள்வோம். இருவரும் பத்துப் பத்தாகச் செலவிட்டால் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 40 மிஞ்சும். ஆனால் ஒருவர் மட்டும் 21 செலவிட்டால் அவருடைய வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடாகி, கையில் ஏறக்குறைய 47 மிஞ்சும். அதனால் பத்தில் நிற்க இருவருக்கும் மனம் வராது. ஒருவரை ஒருவர் மிஞ்ச முயன்று, இனித் தாம் மட்டும் கூட்டினாலும் குறைத்தாலும் தமக்கே இழப்பு என்றாகும் ஆளுக்கு 25 என்னும் நிலையில்தான் இருவரும் நிற்பர். பரிசின் பாதி அங்கேயே கரைந்துவிடும். பத்துப் பேர் போட்டியிட்டால் ஆளுக்கு 9 வீதம் 90 கரையும்.

யார் எதை அறிந்திருக்கிறார்கள் என்பதும் இக்கணக்கை மாற்றுகிறது. ஒருவருக்கு உரிமத்தின் மதிப்பு 100, மற்றவருக்கு 25 என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், முன்னவர் 16, பின்னவர் 4 செலவிடுவர், மொத்தம் 20. எதிராளிக்கும் உரிமத்தின் மதிப்பு தமக்குள்ள அதே அளவுதான் என்று இருவரும் தவறாக நம்பினால், முன்னவர் 25, பின்னவர் 6.25 என 31.25 கரையும். போட்டியாளர்களைப் பற்றிய தகவலை மறைப்பதா வெளியிடுவதா என்னும் கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் இவ்வளவு நுணுகி ஆராய்வதற்கு இதுவே காரணம் என்பேன்.

இத்தனையையும் தாங்கும் தமிழ்ச்சொல் எது? ‘ஆதாய நாட்டம்’ எனலாம். ஆனால் நேர்மையாகப் பொருள் செய்து விற்பவரும் ஆதாயத்தையே நாடுகிறார். ‘வார நாட்டம்’ இலக்கணமாகப் பொருந்தினாலும், ஏழு நாள் கொண்ட வாரம் குறுக்கே வந்து நிற்கிறது. ‘சலுகை வேட்டை’ என்பதே தகும் என்பது என் துணிபு. சலுகை, ஒருவருக்கு மட்டும் காட்டப்படும் தனி ஆதரவைக் குறிப்பது. பதவி வேட்டை, வாக்கு வேட்டை என்று நாம் ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம். பலர் துரத்த ஒருவரிடம் சிக்குவதும், மற்றவர்கள் ஓடிய ஓட்டம் வீணாவதும் வேட்டை என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

மிகைவருவாயைத் தனியே குறிக்கும்போது ‘வாரம்’ என்றே எழுதலாம். காப்புரிமைக்காக ஆய்வகங்கள் முந்தியோடுவதும் போட்டிக் கோட்பாட்டின் கணக்குக்குள் வரும், வெல்பவர் பெறுவதும் வாரமே. ஆனால் அந்த ஓட்டத்தின் முடிவில் முன்பு இல்லாத ஒரு மருந்தோ கருவியோ பிறக்கிறது என்பதால், அதைச் சலுகை வேட்டை என்று எழுதலாகாது.