நீர்புகாச் சுவர்களும் அவற்றின் துளைகளும்: ஹெல்கே இங்ஸ்டாட் மூழ்கிய விதம்

பல்நோக்கு ஃபிரிகேட் போர்க்கப்பல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஏவுகணைகளையும் ராடாரையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். கப்பலின் உட்பகுதியை அறைகளாகப் பிரித்து, ஓர் அறையில் புகுந்த நீர் அடுத்ததற்குப் பரவாமல் தடுக்கும் நீர்புகாத் தடுப்புச் சுவர்களைப் பரிசோதிப்பதைத் தொழிலாகக் கொண்ட நான், அச்சுவர்களில் இடப்பட்டுள்ள துளைகளைத்தான் முதலில் பார்க்கிறேன். அதன் காரணத்தை நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சன் வகைக் கப்பல்களைக் கொண்டு விளக்கலாம்.

ஸ்பெயினின் ஃபெரோலில் கட்டப்பட்ட இவ்வகையின் ஐந்து கப்பல்களும் ஏறத்தாழ 134 மீட்டர் நீளமும் 5,300 டன் எடையும் கொண்டவை. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதே முதன்மைப் பணி என்பதால் ஒலியலைகளால் நீருக்கடியில் தேடும் சோனார்கள், ஸ்டிங் ரே டார்பிடோக்கள், ஹெலிகாப்டர் தளம் ஆகியவை உண்டு. இவற்றோடு ஏஜிஸ் என்ற போர்க் கட்டுப்பாட்டு அமைப்பின் எஸ்பிஒய்-1எஃப் ராடார், வான்காப்பு ஏவுகணைகள், கப்பல்களைத் தாக்கும் என்எஸ்எம் ஏவுகணைகள், 76 மி.மீ. பீரங்கி ஆகியவையும் சேர்கின்றன. இத்தனையையும் இந்த அளவு உடலுக்குள் அடக்கும்போது, மின்கம்பிகளும் குழாய்களும் தடுப்புச் சுவர்களைப் பல இடங்களில் துளைத்தே செல்ல வேண்டியிருக்கிறது. அத்துளைகள் கசிவின்றி அடைபட்டிருக்கின்றன என்ற அனுமானத்தின்மேல்தான் கப்பலின் மிதவைக் கணக்கு நிற்கிறது.

2018 நவம்பர் 8 அதிகாலை 4 மணியளவில், இவ்வகையைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட், நார்வேயின் ஹெல்டெஃப்யோர்டன் கடற்கழியில் சோலா டிஎஸ் என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. சுமையேற்றிப் புறப்பட்டிருந்த அக்கப்பலின் தள விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால், ஃபிரிகேட்டைச் செலுத்தும் மேடையில் இருந்தவர்கள் அதைக் கரையோரத்தில் நிலையாக நிற்கும் ஒன்றாகக் கருதினர். ஃபிரிகேட்டில் இருந்த 137 பேரும் உயிர் தப்பினர்.

வலப்புறம் கிழிந்து மூன்று பகுதிகளில் நீர் ஏறியபோதும் கப்பல் மிதக்கும் என்றே குழுவினர் கணித்தனர். ஆனால் பின்புற ஜெனரேட்டர் அறையில் புகுந்த நீர், உள்ளீடற்ற புரொப்பல்லர் ஷாஃப்டுகளின் (புரொப்பல்லரைச் சுழற்றும் நீண்ட தண்டுகளின்) வழியே கியர் அறைக்கு வந்து, அங்கிருந்து ஷாஃப்ட் சுவரைக் கடக்கும் இடங்களிலுள்ள ஸ்டஃபிங் பாக்ஸ்கள் (கசிவைத் தடுக்கும் அடைப்புகள்) வழியாக இயந்திர அறைகளுக்கும் பரவியது. இறகுகளின் கோணத்தை மாற்றும் புரொப்பல்லர்களுக்கு எண்ணெய்க் குழாய்களைக் கொண்டுசெல்ல ஷாஃப்டை உள்ளீடற்றதாகச் செய்வது வழக்கமான வடிவமைப்புதான். அந்த உள்வெளியே அன்று நீர்வழியாக மாறியது. சுவர்கள் உறுதியாக நின்றும் பயனில்லாமல் போனதை நினைக்கும்போது, வடிவமைப்போர்மேல் உள்ள பொறுப்பின் கனம் எனக்குப் புரிகிறது.

குழுவினர் கதவுகளையும் மூடிகளையும் மூடிவிட்டு வெளியேறியிருந்தால் கப்பல் மூழ்காமல் தடுத்திருக்க முடியும் என்பதையும் நார்வேயின் விபத்து விசாரணை வாரியம் கணக்கிட்டுக் காட்டியது. 2019-இல் மீட்கப்பட்ட அக்கப்பல் பின்னர் உடைக்கப்பட்டது.

எனவே, பழுதுபார்ப்புக்குப் பின் கப்பலை ஏற்கும் அதிகாரிகளிடம் நான் இரண்டைக் கேட்கிறேன். புதிதாகக் கம்பி இழுத்த ஒவ்வொரு துளையையும் பழைய சான்றிதழை நம்பி விட்டுவிடாமல் மறுபடி கசிவுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஷாஃப்டின் உள்வெளியையும், நீர் பரவக்கூடிய வழியாகச் சேதக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும்.