பின்கட்டில் ஒரு நீச்சல் குளம்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் பட்டாலை, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை கண் ஒரே நேர்கோட்டில் போகும். காற்று ஓடுவதற்கு நல்ல ஏற்பாடு. இப்போது சில வீடுகளில் அந்த நேர்கோட்டின் முடிவில், முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில், நீலமாகத் தண்ணீர் தெரிகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளானபோது வந்த பழக்கம் இது. ஊருணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊரில் சொந்தக் குளம் என்றால் பெருமைதான்.

எங்கள் பெரியப்பாவுக்குச் சாந்தி, அதாவது வயது நிறைவு விழா, நடந்தது. அண்ணன் புதிதாகக் கட்டிய குளத்தைக் காட்டக் கூட்டிப்போனார். இடுப்பளவுதானே என்று இறங்கினேன், தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. தப்பு என் கண்ணில் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வரும் ஒளி பரப்பில் வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், நேர் மேலிருந்து பார்த்தால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். 4 அடி 3 அடியாகிவிடும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். எட்டி நின்று பார்க்கும் சின்னப் பிள்ளைக்குக் கண் உயரமும் குறைவு, பார்வையும் சாய்வு. அதற்குக் குளம் தாம்பாளம் மாதிரிதான் தெரியும். அதனால் கரையில் அங்கங்கே ஆழத்தைப் பெரிய எண்ணில் எழுதி வைக்கச் சொன்னேன். அண்ணன் அழகு கெட்டுப்போகும் என்றார். கெடட்டும்.

ஆனால் நான் பயந்தது ஆழத்துக்கு அல்ல, கூட்டத்துக்கு. அன்றைக்கு வீட்டில் இருநூறு பேர் இருந்தோம். குளத்தைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள். இத்தனை பேர் இருக்க என்ன ஆகிவிடும் என்று தோன்றும். மூழ்குவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டிக் 'காப்பாத்துங்க' என்று கத்துவார். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970களில் இதை விளக்கினார். பேச்சு என்பது மூச்சின் மிச்சம். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சை விட்டு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்துவதற்கு இருக்காது. கைகள் தானாகப் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உடம்பை மேலே தூக்குவதற்கான அனிச்சைச் செயல் அது. அந்தக் கையை உயர்த்தி ஆட்டவோ, எறிந்த கயிற்றைப் பிடிக்கவோ அவரால் முடியாது. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. பார்ப்பவருக்கு நின்ற இடத்திலேயே விளையாடுவது போலிருக்கும். இதெல்லாம் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும்.

பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்போம். இதற்கு ஒரு வழி உண்டு. நீச்சல் தெரிந்த ஒருவர் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு. துண்டு இருக்கும்வரை போன் இல்லை, அரட்டை இல்லை, குளத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் அடுத்தவர் கழுத்துக்கு மாற்ற வேண்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் 'யார் பார்ப்பது' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருக்கும்.

துண்டு குளிக்கும் நேரத்துக்குச் சரி. குளிக்காத நேரத்துக்கு வேலிதான். இரண்டு வயதுப் பிள்ளை விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் என்று வையுங்கள். வளவிலிருந்து பின்கட்டு 40 மீட்டர் என்றால் 40 விநாடி. பந்தி பரிமாறுகிற அவசரத்தில் அதை யார் கவனிப்பார்கள்? மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்று பலர் கட்டுகிறார்கள். அந்தச் சுவரில்தான் பின்வாசல் இருக்கிறது! விசேஷ நாளில் சமையல்காரர் போக வர அது திறந்தேதான் கிடக்கும். வேலி குளத்தை நாலு பக்கமும் தனியாக அடைக்க வேண்டும். உயரம் குறைந்தது 4 அடி, கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி, கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, தானாக மூடித் தானாகத் தாழ் விழ வேண்டும். கதவை அதற்கேற்ப உயர்த்தி, தாழ்ப்பாள் நாலரை அடி உயரத்தில். பக்கத்தில் நாற்காலியோ பூந்தொட்டியோ கிடந்தால் இத்தனையும் வீண்.

சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பளவுக்குத் தலை பெரிது, பாரமும் மேலேதான். குனிந்தால் தலைகுப்புற விழுந்துவிடும், எழ முடியாது. அதனால் பந்திக்கு ரொப்பி வைத்த அண்டாவும் குளம் மாதிரியே ஆபத்துதான்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு வேறு ஆபத்து. விடலைப் பையன்கள் யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று போட்டி வைப்பார்கள். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் நேரம் கூடும் என்று கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். கூடும், உண்மைதான். ஆனால் அது ஆக்சிஜன் கூடியதால் அல்ல. மூச்சு விடு என்று நம்மை நெருக்குவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. வேக மூச்சு அதை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் மணி அடிக்காது. ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே போகும், எந்தத் தவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும், நீருக்குள்ளேயே அடுத்த மூச்சை இழுத்துவிடுவார்கள். இந்தப் போட்டியை அறவே நிறுத்த வேண்டும்.

குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாயையும் பாருங்கள். 20 செ.மீ. அகலமுள்ள வட்ட வாயின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. பிள்ளையின் முதுகு அதை முழுதாக அடைத்து, பம்பு உள்ளே அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், பிடித்து வைக்கும் விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். பெரியவர் இழுத்தாலும் வராது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002இல் இப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. தீர்வு எளிது. ஒரே பம்புக்கு, 3 அடிக்கு மேல் தள்ளித் தள்ளி இரண்டு வாய்கள். ஒன்று அடைபட்டால் மற்றது இழுக்கும். இரண்டுக்கும் குவிந்த மூடி, கைக்கெட்டும் இடத்தில் பம்பை நிறுத்தும் சுவிட்ச்.

அப்புறம் நம் வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால்தான் அதற்கு அந்தப் பளபளப்பு. ஈரக்காலுக்கு அது எண்ணெய் தடவிய தாம்பாளம். குளக்கரைக்குச் சொரசொரப்பான கருங்கல்லே போதும். சாந்திக்குக் கட்டிய சீரியல் பல்புகளைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட வேண்டாம். மின்கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வேண்டும். தண்ணீர் கலங்கி அடியில் இருக்கும் மூடி தெரியவில்லை என்றால் அன்றைக்குக் குளியல் கிடையாது.

இத்தனைக்கும் மீறி ஒருவர் மூழ்கினால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கம்போ வேட்டியோ அவர் கையில் படும்படி நீட்டலாம். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்ப் பழக்கம். அதில் போகும் ஒவ்வொரு விநாடியும் மூளைக்கு நஷ்டம். மூச்சில்லை என்றால் வாய்வழியே இரண்டு மூச்சு, பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், மறுபடி 2 மூச்சு. அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.

அண்ணன் ஒருவழியாக வேலி போட்டுவிட்டார். மறுநாளே அப்பத்தா அதில் நாலு சேலைகளைக் காயப்போட்டிருந்தார். வேலிக்கு வெளியிலிருந்து தண்ணீர் தெரிய வேண்டும், துணி மறைக்கக் கூடாது என்று சொன்னேன்.

"அப்பக் கொடிய எங்கனப்பா கட்டுறது?" என்றார்.