குளிருக்குப் பழகும் புல்

அக்டோபர் பிறந்ததும் டொராண்டோ வீட்டு முற்றங்களில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கும். புல்வெட்டும் இயந்திரத்தைக் கராஜுக்குள் தள்ளிவிட்டு, இனி ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிடுவோர் பலர். புல்லும் நீளாமல் நிற்பதால் அதற்கு வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது குளிர்காலத்தைத் தாண்டுமா தாண்டாதா என்பதைத் தீர்மானிக்கும் வாரங்கள் இவைதான்.

கனடாவின் தென் ஒன்ராரியோ பகுதியில் வீட்டுப் புல்தரை என்றால் பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் ஆகியவற்றின் கலவை. மூன்றும் குளிர்நாட்டுப் புற்கள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது இவற்றின் இலைகள் நீள்வது வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் ஒளிச்சேர்க்கை அவ்வளவு சீக்கிரம் ஓயாது. வெயில் படும்வரை இலை சர்க்கரை தயாரித்துக்கொண்டே இருக்கும். செலவு குறைந்து வரவு தொடர்வதால் மிச்சம் சேர்கிறது. அதை ஃபிரக்டான் என்னும் சர்க்கரைத் தொடராக மாற்றி, மண்மட்டத்தில் வேரும் இலையும் சந்திக்கும் அடிக்கணுவில் புல் சேமித்துவைக்கிறது. குளிர்காலத்தில் இலைகள் கருகினாலும் கவலையில்லை. அடிக்கணு பிழைத்தால் புல் பிழைத்தது.

இந்தச் சேமிப்பு உணவாக மட்டும் பயன்படுவதில்லை. கடுங்குளிரில் செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவானால் அந்தச் செல் பிழைப்பது அரிது. அதன் படிகங்கள் உள்ளமைப்பைக் கிழித்துவிடும். செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் இருக்கும் நீரில் உப்பும் சர்க்கரையும் குறைவு என்பதால் அதுவே முதலில் உறையும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள்ளிருக்கும் நீரை மெல்ல வெளியே இழுக்கும். செல் சுருங்கும், உள்ளே சர்க்கரைக் கரைசல் அடர்த்தியாகும், உறைநிலை இன்னும் கீழே போகும். இது நடக்க நேரம் வேண்டும். சில வாரங்கள் படிப்படியாகக் குளிர்ந்த கென்டக்கி புளூகிராஸ் மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். அதே புல்லைக் கோடையில் அந்தக் குளிரில் வைத்தால் செத்துவிடும்.

செல்லின் சவ்வும் இந்த வாரங்களில் மாறுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம் என்பதே காரணம். புல்லும் தன் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பின் பங்கைக் கூட்டிக்கொள்கிறது. சவ்வு இறுகாமல் நெகிழ்வாகவே இருக்கும். வெப்பநாட்டுச் செடிகளால் இந்த மாற்றத்தைப் போதிய அளவு செய்ய முடியாது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம்மவர்கள் கறிவேப்பிலை, மல்லிகைத் தொட்டிகளைச் செப்டம்பர் கடைசியிலேயே வீட்டுக்குள் தூக்கிவைப்பது மிகச் சரியான காரியம். பூஜ்யம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. துளசி போன்றவை 10 டிகிரிக்குக் கீழேயே கறுக்கத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்தால், இலையுதிர்கால வேலைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும். உரத்தைச் செப்டம்பரில் இட்டால் அது வேருக்கும் சேமிப்புக்கும் போகும். எளிதில் கரையும் தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அக்டோபர் நடுவில் அள்ளிப்போட்டால், புல் சேமிப்பை நிறுத்திவிட்டு நீர் நிறைந்த இளந்தளிர்களை விடும். உறைபனிக்கு அதைவிட எளிய இரை இல்லை. பனிப்போர்வைக்கு அடியில், பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே வளரும் பூஞ்சணங்களுக்கும் அந்தத் தளிர்தான் விருந்து. வசந்தத்தில் பனி கரைந்ததும் புல்தரையில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறத்தில் தெரிவது அவற்றின் கைவரிசை. கடைசி வெட்டில் புல்லை ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவருவதும் இதற்காகத்தான். நீண்ட புல் பனியின் எடையில் சாய்ந்து, ஈரப்பாயாகப் படிந்துவிடும்.

உதிர்ந்த இலைகள் புல்லை மூடிக் கிடந்தால் வெயில் படாது, சேமிப்பு நின்றுபோகும். அதற்காக மூட்டை மூட்டையாகக் கட்டித் தெருவோரம் வைக்க வேண்டியதில்லை. புல்வெட்டும் இயந்திரத்தை இலைகள் மேலேயே ஓட்டிப் பொடியாக்கினால், துகள்கள் புல்லின் இடுக்குகளில் இறங்கி மட்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இப்படிச் செய்து பார்த்ததில் புல்லுக்குக் கெடுதல் வரவில்லை. மிஞ்சியதை மரத்தடியில் விட்டுவிடுங்கள் என்பேன். எத்தனையோ பூச்சிகள் குளிர்காலத்தை அந்தச் சருகுக்குள்தான் கழிக்கின்றன.

பூச்செடி, ஸ்ட்ராபெர்ரிப் பாத்திகளுக்கு மூடாக்குப் போடுவதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். குளிர் வருமுன் போர்த்திவிட வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் நிலம் உறையத் தொடங்கிய பிறகு, பெரும்பாலும் நவம்பர் பாதிக்கு மேல்தான் வைக்கோலைப் பரப்ப வேண்டும். மூடாக்கின் வேலை வெப்பம் தருவதல்ல; உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது.

காரணம் மண் செடியை மேலே தூக்கிவிடும் ஆபத்து. நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால்தான் நிலம் எழும்புகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. உறையும்போது சுருங்கும் பென்சீனை நீருக்குப் பதிலாக மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் எழும்பியது! உறையும் அடுக்கு கீழேயுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதே காரணம். மண்ணுக்குள் பனிக்கட்டித் தகடுகள் தடித்துக்கொண்டே போய் மேல்மண்ணைத் தூக்குகின்றன. பகலில் உருகி இரவில் உறைவது மாறி மாறி நடந்தால், புதிதாக நட்ட செடி வேரோடு வெளியே தள்ளப்படும். காற்று அதை உலர்த்திக் கொன்றுவிடும். வண்டல் துகள் மிகுந்த ஈரமண்ணில் இந்த ஆபத்து அதிகம்.

சில பயிர்கள் குளிரைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை, அது வேண்டும் என்றே காத்திருக்கின்றன. ஒன்ராரியோவில் பூண்டை அக்டோபரில் நடுவது அதனால்தான். மண்ணுக்குள் சில வாரங்கள் குளிர் படாவிட்டால் பல ரகங்கள் பல்பல்லாகப் பிரியாமல் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடும். பல்லின் கூர்முனை மேலே பார்க்கும்படி ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, நிலம் இறுகியதும் வைக்கோல் போட்டால் போதும், ஜூலையில் தோண்டலாம்.