வால்யூம் என்றால் தொகுதியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 'தொகுதி' என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும். ஆம்ப்ளிஃபயர் கையேட்டைக் கைப்பேசியில் தமிழாக்கினாலோ "தொகுதியைக் குறைக்கவும்" என்கிறது. யாருடைய தொகுதியை?

லத்தீனில் 'வொலூமென்' என்றால் சுருள். சுருட்டிய ஏடு நூலாகி, நூலின் பருமனாகி, எதன் பருமனுமாகி, கடைசியில் ஒலிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சுமக்கிறது. நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. பக்கத்து வீட்டு மலாயைப் பாருங்கள்: நூலுக்கு ஜிலிட், கொள்ளளவுக்கு இசி பாடு, ஒலிக்குக் கெலந்தாங்கான். 'லந்தாங்' என்றால் உரத்த என்று பொருள். தமிழிலும் அப்படியே தொகுதி, கன அளவு, ஒலியளவு என்று பிரித்து வைத்திருக்கிறோம். அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

இன்னொரு கூட்டம் 'ஒலிச்செறிவு' என்கிறது. கேட்கக் கம்பீரம்தான். ஆனால் அது இயற்பியலில் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்னும் கணக்கு. திருகும் குமிழுக்குப் பொருந்தாது. 'சத்தம்' வடமொழி வழி வந்தது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. லயத்து வீட்டில் "சத்தத்தக் குறைடா" என்றால் உடனே வேலை நடக்கிறது. அதை விரட்ட வேண்டாம்.

எழுத்தில் குமிழுக்கு ஒலியளவு, காது உணர்வதற்கு உரப்பு. இரண்டும் ஒன்றல்ல. ஒலியை அளக்கும் அலகான டெசிபலில் 10 ஏறினால்தான் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு உரப்பு. அதற்கு ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு வாட் தர வேண்டும். ஒலியளவைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது தவில், பேஸ் போன்ற தாழ்ந்த ஒலிகள். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டியது இதைத்தான். இரவில் குறைத்துக் கேட்கும்போது பேஸைச் சற்றுக் கூட்டுவது அதனால்தான்.

குமிழில் உள்ள 30 எந்த அளவும் அல்ல. இன்னொரு செட்டில் அதே 30 காதைப் பிளக்கும். மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தியை வையுங்கள். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் இருந்தபடி, சொற்கள் சிரமமின்றி விளங்கும்வரை திருகுங்கள். கைப்பேசி டெசிபல் செயலி 60, 65 காட்டினால் போதும். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பாட்டுக்கு 70, 75 வரை போகலாம். கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் காதைக் கெடுக்கும் 85ஐ நெருங்கிவிட்டது. துத்தநாகக் கூரையில் மழை கொட்டும்போது அந்த டேப்பைத் தாண்டித் திருகுவார்கள். மழை விட்டதும் திருப்பி வைக்க மறப்பார்கள். ஆம்ப்ளிஃபயரின் சக்திக்கு மேல் திருகினால் ஒலி கரகரக்கும், உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் சுருள் கருகும்.