வீடியோவை விட ஆபத்தானது அதன் பின்னால் வரும் தனிச்செய்தி

ஜிகாதி இயக்கங்களின் இணையப் பிரசாரம் என்றாலே பலருக்கும் தலை துண்டிக்கும் வீடியோக்கள்தான் நினைவுக்கு வரும். அவை மிரட்டவும் தலைப்புச் செய்தியாகவும் எடுக்கப்பட்டவை. ஆள் பிடிக்கும் சரக்கு வேறு. 2015 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஒரே மாதத்தில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) இயக்கம் வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், வீடியோக்கள், அறிக்கைகளை ஆய்வாளர்கள் வகை பிரித்தபோது, பாதிக்கு மேல் சந்தை, மருத்துவமனை, விவசாயம் என ‘நல்லாட்சி’ காட்டுபவையாகவே இருந்தன. ‘உனக்கு இங்கே ஓர் இடம் உண்டு’ என்று அவை ஆசை காட்டின.

அந்தப் பதிவுகள் வெறும் தூண்டில். கீழே யார் கோபமாக எழுதுகிறார், யார் கேள்வி கேட்கிறார் என்று ஆள் பிடிப்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு தனிச்செய்தி வரும். முதலில் மதமோ போரோ பேச்சில் வராது. தேர்வு, வேலை, வீட்டுச் சண்டை என்று நாள்தோறும் நலம் விசாரிப்பார். ‘இங்கே பேச வேண்டாம்’ என்று வெளியார் படிக்க முடியாத மறையாக்க அரட்டைச் செயலிக்கு அழைப்பது அடுத்த கட்டம். இந்த இடம்தான் முக்கியம். இதற்குப் பின் நடப்பது வெளியே யார் கண்ணுக்கும் படாது. பெற்றோருக்கு மார்க்கம் தெரியாது, உள்ளூர் இமாம் விலைபோனவர் என்று சொல்லி, நெருங்கியவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் அவரைப் பிரித்துவிடுவார்கள். பிறகு சின்ன வேலைகள்: ஒரு பதிவைப் பகிர், ஒரு கணக்கை நடத்து, கொஞ்சம் பணம் அனுப்பு. 2016 ஜூலையில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க், ஆன்ஸ்பாக் நகரங்களில் தாக்குதல் நடத்திய இருவருமே ஐ.எஸ். ஆட்களுடன் அரட்டையில் தொடர்பில் இருந்தவர்கள்.

கணக்குகளை முடக்கினால் போதாதா? பலன் உண்டு. 2015 நடுவிலிருந்து 2016 பிப்ரவரிக்குள் ட்விட்டர் 1,25,000 கணக்குகளை முடக்கியது. கூட்டம் டெலிகிராமுக்கு நகர்ந்தது. 2019 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலுடன் சேர்ந்து டெலிகிராமும் களையெடுத்ததும் சிறு செயலிகளுக்குச் சிதறியது. ஒவ்வொரு நகர்விலும் பார்வையாளர்கள் குறைகிறார்கள். ஆனால் ஏற்கெனவே தனி அரட்டைக்குள் போனவரை இது மீட்பதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது தாடியையோ தொழுகையையோ அல்ல. பக்தி கூடுவதை அறிகுறியாக எடுப்பது தவறு மட்டுமல்ல, ‘உன் குடும்பமே உனக்கு எதிரி’ என்று சொல்பவருக்கு அது ஆதாரமும் ஆகிவிடும். பழைய நண்பர்களைத் திடீரென அறுத்துக்கொள்வது, மற்ற முஸ்லிம்களையே காஃபிர் (இறைமறுப்பாளர்) என்பது, இரண்டாவது சிம், யாரென்று சொல்லாத இணைய ‘சகோதரர்’ ஆகியவை சேர்ந்து வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்காதீர்கள், வேறு போன் வரும், பேச்சு நிற்கும். மார்க்க வாதத்திலும் இறங்காதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் அதற்குப் பதில் தயாரித்துக் கொடுத்திருப்பார். அந்த நபர் யார், ஏன் முகம் காட்டுவதில்லை, ஏன் ரகசியம் கேட்கிறார் என்று கேளுங்கள். பயணத் திட்டம், விடைபெறும் தொனியில் பேச்சு, ஆயுதம் பற்றிய தேடல் தெரிந்தால் காத்திருக்காமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

இத்தகைய வீடியோ கண்ணில் பட்டால் கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு தளத்திலேயே புகாரளியுங்கள். தரவிறக்காதீர்கள், சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். ‘பாருங்கள், எவ்வளவு கொடூரம்’ என்று எச்சரிக்கையாகக்கூட அனுப்பாதீர்கள், அவர்களுக்கு வேண்டிய விநியோகத்தை அதுவும் செய்துகொடுக்கும்.