காத்துச் சத்தமும் கரகரப்பும்: ஜப்பான் வாத்தியங்கள் வேலை செய்யற விதம்

முதல் தடவ ஜப்பான் இசையமைப்பாளர் டோரு டகெமிட்சுவோட 'நவம்பர் ஸ்டெப்ஸ்' கேட்டப்ப ஹெட்ஃபோன் போச்சுன்னுதான் நெனச்சேன், புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒண்ணு ஊதுது ஆனா பாதி வெறும் காத்து, கூடவே தந்தி ஒண்ணு கரகரன்னு அதிருது. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த அழுக்கு சத்தத்துக்காகத்தான் அந்த வாத்தியங்களையே அப்படி செய்யறாங்கன்னு.

குழலுக்கு பேரு ஷாகுஹாச்சி. மூங்கில், 5 ஓட்டை, சாதாரணமா 54 சென்டிமீட்டர் சொச்சம். ஊதற முனைல விளிம்ப சாய்வா சீவியிருப்பாங்க, அவ்ளோதான். உதட்டுலேருந்து வர்ற காத்து அந்த விளிம்புல மோதி ஒரு நேரம் குழலுக்கு உள்ள, ஒரு நேரம் வெளியன்னு மாறி மாறி பாயும், அந்த ஆட்டம் குழலோட நீளத்துக்கு ஒத்துப்போனா ஸ்வரம். ஒத்துப்போகாத காத்து சுழிச்சுக்கிட்டு 'ஹ்ஷ்ஷ்'னு போகும். இதை அமுக்காம வேணும்னே வெடிக்கிற மாதிரி ஊதறதுக்கு முராய்கின்னு பேர். தலைய குனிஞ்சா வாய் திறப்ப மூடிக்கும், ஸ்வரம் எறங்கும், நிமிந்தா ஏறும்.

ஃபுகேங்கற ஜென் பிரிவு சாமியாருங்க தலையில கூடைய கவுத்துக்கிட்டு இத ஊதி பிச்சை எடுத்தாங்க. அவங்களுக்கு இது கச்சேரி இல்ல, மூச்சு தியானம். 1871ல அரசாங்கம் அந்தப் பிரிவையே கலைச்சுடுச்சு, குழல் மட்டும் பொழச்சுது.

தந்தி வாத்தியம் பிவா. நம்ம தம்புராவுல தந்திக்கு அடியில நூல் வச்சு தள்ளித் தள்ளி ஒரு எடத்துல நிறுத்துவாங்கல்ல, உடனே சத்தம் பூத்த மாதிரி விரியுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். பிவாவுல மெட்டோட (தந்திக்கு அடியில இருக்கற குறுக்குக்கட்டை) மேல்பக்கம் அகலமா இருக்கும், தந்தி அதிரும்போது அதுல உரசி உரசி எழும், ஒவ்வொரு உரசலும் கொஞ்சம் சக்திய மேல் ஸ்தாயி இசைச்சுரங்களுக்கு தள்ளி விடும். இதுக்கு சவாரின்னு பேரு (நம்ம குதிரை சவாரி இல்ல!), தொடறதுன்னு அர்த்தம், வேற எழுத்துல எழுதினா தடங்கல்னும் வரும்.

1967 நவம்பர்ல நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட 125வது ஆண்டுக்காக 'நவம்பர் ஸ்டெப்ஸ்' அரங்கேறிச்சு, செய்ஜி ஓசாவா நடத்தினாரு, யோகோயாமா கட்சுயா ஷாகுஹாச்சி, ட்சுருட்டா கின்ஷி பிவா. கிழக்கும் மேற்கும் கைகோக்கற ஃப்யூஷன்னு எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க, டகெமிட்சு ரெண்டையும் கலக்கவே இல்ல. முடிவு நெருங்கறப்ப ஆர்கெஸ்ட்ரா சும்மா உக்காந்திருக்க, ரெண்டு பேர் மட்டும் ரொம்ப நேரம் வாசிப்பாங்க. விசிறி மாதிரி இருக்கற பெரிய மரக்கட்டையால ட்சுருட்டா தந்திய அடிக்கறப்ப அது பிவாவோட உடம்புலயும் 'டப்'புனு விழும். அப்புறம் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கழிச்சு, யாரோ மூச்சு விடற மாதிரி, குழல்.