கைபேசி நோன்பு: ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’ என்பதற்குத் தமிழ்

பழவேற்காடு, படகுச் சவாரி, பூநாரைக் கூட்டம், இரண்டு நாள் போனைத் தொடாமல் ஓய்வு. இப்படி வருகிற சுற்றுலா அறிவிப்பு எதை எடுத்தாலும் ‘டிஜிட்டல் நச்சு நீக்கம்’ என்று போட்டிருக்கிறார்கள். பத்திரிகைகளின் பயணப் பக்கங்களிலும் அதே தொடர்தான். எண்ணூர்ப் பக்கம் வாழ்கிற எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

‘டீடாக்ஸ்’ என்ற மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘டாக்ஸான்’ என்றால் வில். அம்பு நுனியில் தடவும் நஞ்சு ‘டாக்ஸிகான்’ ஆனது. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் உடலை மீட்கும் சிகிச்சையை ‘டீடாக்ஸ்’ என்றார்கள். ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’ 2013இல் ஆக்ஸ்போர்டின் இணைய அகராதியில் ஏறியது. கொஞ்ச காலம் போன், கணினி முதலியவற்றை விட்டு விலகியிருப்பது, அவ்வளவுதான் பொருள்.

இதில் நஞ்சு எங்கே இருக்கிறது? நஞ்சு என்ற சொல் இன்னொரு பெயரோடு சேரும்போது நச்சு ஆகும்: நச்சுப்பாம்பு, நச்சுக்காற்று. நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் ஒரு பழம்பொருள் உண்டு. ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற 1008ஆம் குறளில் இரண்டுமே வருகின்றன; முதல் நச்சு விருப்பம், அடுத்தது நஞ்சு. அப்படியானால் நச்சு நீக்கத்தை ஆசை நீக்கம் என்று கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அழகான வாதம்தான். ஆனால் அறிவிப்பைப் படிக்கிற யாருக்கும் அந்தப் பொருள் தோன்றப்போவதில்லை.

வடசென்னைக்காரர்களுக்கு நஞ்சு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து, மூச்சுத் திணறியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள். இன்னமும் நச்சு நீக்கம் வேண்டும் என்று அந்த ஆற்றுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதே சொல்லை வாட்ஸ்அப் பார்க்காமல் இருப்பதற்குச் செலவழித்துவிட்டால், ஆற்றைப் பற்றிப் பேச எந்தச் சொல்லை எடுப்பது?

அப்புறம், போன் நஞ்சும் இல்லை. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவருக்குக் காற்று எச்சரிக்கை அதில்தான் வருகிறது. அவரிடம் போய் உங்கள் கையில் இருப்பது விஷம் என்று சொல்ல முடியுமா?

மற்ற முயற்சிகளும் சரியில்லை. ‘தொடர்பு துண்டிப்பு’ என்றால் பில் கட்டாததால் மின்சாரத்தை வெட்டியதுபோல் இருக்கிறது. ‘தொழில்நுட்பத் துறவு’ மிகை. துறவிலிருந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதில்லை. ‘தடைக்காலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். காசிமேட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அரசு விதிக்கும் மீன்பிடித் தடை. தானாக விரும்பி விட்டுவைப்பதற்கு அது பொருந்தாது.

பொருந்துகிற சொல் நம் வீடுகளிலேயே இருக்கிறது: நோன்பு. நோல் என்ற வினையிலிருந்து வந்தது. பொறுத்தல், தாங்குதல் என்று பொருள். நோன்பில் விடுகிற பொருள் கெட்டது என்ற குற்றச்சாட்டு இல்லை. சோறு நல்லதுதான், இருந்தும் சில மணி நேரம் விட்டிருக்கிறோம். தொடங்கும் நேரம் உண்டு, முடியும் நேரமும் உண்டு. மண்ணடியிலும் பழவேற்காட்டிலும் முஸ்லிம்கள் நோன்பு பிடிக்கிறார்கள், நோன்பு திறக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் நோன்பு இருக்கிறார்கள். எந்த மதத்தாருக்கும் அந்நியமான சொல் இல்லை. ஆகவே கைபேசி நோன்பு. மடிக்கணினியும் சேர்த்தி என்றால் திரை நோன்பு என்று சொல்லலாம், ஆனால் பழந்தமிழில் திரை என்றால் அலை. கடற்கரைப் பயணத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் குழப்பம்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத் தொடரை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் சொல் தேடுகிறார்கள். அப்படித்தான் ‘எண்ணிம நச்சகற்றல்’ பிறக்கிறது. எண்ணிமம் என்றால் டிஜிட்டல். சிங்கப்பூரில் அதற்கு ‘மின்னிலக்கம்’ என்பதைப் பள்ளியிலும் செய்தியிலும் பழக்கிவிட்டார்கள், அங்கே அது நிற்கிறது. இங்கே எண்ணிமமா மின்னிலக்கமா என்ற சண்டையே இந்த இடத்தில் தேவையில்லை. விட்டுவைப்பது கைபேசியை. ‘டிஜிட்டல்’ என்ற முன்னொட்டைத் தூக்கிப்போட்டாலும் பொருளில் ஒன்றும் குறையாது.